கொல்லைப்புறத்தில் ஓர் இருப்புப்பாதை

பக்கவாதம் கண்ட ஒருவர் மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய முதல் வாரத்தில், அவருடைய சட்டைப் பொத்தானை யார் போடுகிறார்கள் என்று கவனித்துப் பாருங்கள். எங்கள் வீட்டில் அதை அம்மா செய்தார். சோற்றைப் பிசைந்து உருட்டித் தந்தவள் மகள். வங்கிப் படிவத்தில் கையெழுத்து வேண்டியிருந்தபோது அப்பாவின் விரலைப் பிடித்து மையில் தோய்த்தவன் மகன். இவை யாவும் அன்பினால் செய்யப்பட்டவை என்பதில் ஐயமில்லை. ஆயினும் ஆறே வாரங்களில், முப்பது ஆண்டுகளுக்கு மேல் லேத் இயந்திரத்தின்முன் நின்று, ஒரு மில்லிமீட்டரின் நூறில் ஒரு பங்கைக் கையால் உணர்ந்து கூறிய ஒரு டர்னரை, நாற்காலியில் அமர்ந்து கூரையைப் பார்த்துக்கொண்டிருக்கும் மனிதராக்கிவிட்டோம். நோய் பறித்தது வலக்கையின் வலுவை மட்டுமே. எஞ்சியவற்றைப் பறித்தவர்கள் நாங்கள்.

இம்மடலைப் படிப்போரில் பலர் எங்களைப் போன்ற பராமரிப்பாளர்கள். ஆகவே எங்கள் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நோயாளி செய்ய முற்படும் செயல் ஆபத்தானதாக இருந்தால் தடுக்க வேண்டியது நம் கடமை. ஆனால் நாம் பெரும்பாலும் தடுப்பது ஆபத்தான செயலை அன்று. மெதுவாக நடைபெறும் செயலை. பொத்தான் போட அவருக்குப் பத்து நிமிடம் ஆகும். நமக்கு அலுவலகத்துக்கு நேரமாகிறது. இவ்விரண்டையும் வேறுபடுத்தி அறிய எங்களுக்கு ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் பிடித்தன. கற்பித்தது, திருமுடிவாக்கத்தில் எங்கள் வீட்டுக் கொல்லையில் அப்பா போட்ட ஒரு குட்டி இரயில் பாதை.

அப்பா தம் இளமையில் கிண்டித் தொழிற்பேட்டையிலும் பின்னர் திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டையிலும் பணிபுரிந்தவர். கிண்டிக்குச் சென்ற நாட்களில் பல்லாவரத்தில் ஏறி, அந்நாளைய மீட்டர் கேஜ் மின்சார இரயிலில்தான் போய்வந்தார். கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே 1931 முதல் மின்சாரத்தில் ஓடிய அப்பாதை, 2004ஆம் ஆண்டோடு விடைபெற்றது. அதன் குலுக்கலையும் நெரிசலையும் பற்றி அவர் பேசாத விருந்தினர் எங்கள் வீட்டுக்கு வந்ததில்லை. நோய்க்குப் பின் அப்பேச்சும் நின்றுபோயிற்று.

2022ஆம் ஆண்டின் நடுவில் ஒரு நாள், பேரனின் உடைந்த பிளாஸ்டிக் இரயில் வண்டி கொல்லையில் கிடந்தது. அப்பா அதை இடக்கையால் எடுத்து, சக்கரங்களுக்கு நடுவே விரலை வைத்து அளந்துகொண்டிருந்தார். பிறகு குழறிய சொல்லில், "டேப் எடுத்துட்டு வாம்மா" என்றார். பல வாரங்களுக்குப் பின் அவர் எங்களிடம் கேட்ட முதல் பொருள் அதுவே.

இங்கே பாதையின் அகலத்தைப் பற்றிச் சிறிது கூற வேண்டும். உலகின் பல நாடுகளில் 1435 மில்லிமீட்டர் அகலமே பொதுப் பாதை. அதற்குக் குறைந்தவை அனைத்தையும் குறும்பாதை என்பர். நம் நாட்டிலோ 1676 மில்லிமீட்டர் பெரும்பாதை, 1000 மில்லிமீட்டர் மீட்டர் கேஜ், 762, 610 ஆகியவையே நேரோ கேஜ். டார்ஜிலிங் மலை இரயில் 610இல் ஓடுகிறது. சிம்லா இரயில் 762இல். நம் நீலகிரி இரயில் மீட்டர் கேஜ். தோட்டத்தில் சிறிய இரயில் ஓட்டும் வழக்கம் மேலை நாடுகளில் நெடுநாளாக உண்டு. 1968இல் ஜெர்மனியின் நூரம்பர்க் நகரத்து லேமன் நிறுவனம் வெளியில் ஓடும் வண்டிகளை விற்கத் தொடங்கியபோது, தண்டவாளங்களின் இடைவெளியை 45 மில்லிமீட்டராகவும் வண்டியின் அளவை இருபத்திரண்டரையில் ஒரு பங்காகவும் வைத்தது. இரண்டையும் பெருக்கிப் பாருங்கள். ஆயிரத்துச் சொச்சம் வரும். அதாவது, மீட்டர் கேஜ். பேரன் கைப்பேசியில் பார்த்து இதைச் சொன்னதும் அப்பா இடக்கையால் மேசையில் தட்டினார். பல்லாவரத்து இரயிலைக் கொல்லையில் ஓட்டலாம் என்று அதற்குப் பொருள்.

ஆயத்தமாக விற்கும் பாதையையும் வண்டியையும் வாங்கித் தந்துவிடலாமே என்று நாங்கள் எண்ணினோம். விலையைப் பார்த்ததும் அவ்வெண்ணம் தானே அடங்கிற்று. அது நல்லதாயிற்று என்று இன்று தோன்றுகிறது. வாங்கியிருந்தால் ஒரே மாலையில் பூட்டி முடித்து, அப்பாவை நாற்காலியில் அமர்த்தி வேடிக்கை பார்க்கச் சொல்லியிருப்போம். பொம்மை எங்களுடையதாக இருந்திருக்கும். அவர் பார்வையாளராகவே இருந்திருப்பார்.

தொழிற்பேட்டையில் துண்டு இரும்புக்கும் தகட்டுக்கும் பஞ்சமில்லை. பழைய பட்டறையிலிருந்து அவருடைய சீடர் ஒருவர் 3 மில்லிமீட்டர் கனமும் 10 மில்லிமீட்டர் உயரமும் உள்ள அலுமினியப் பட்டைகளைக் கொண்டுவந்தார். இவற்றை நெட்டுக்குத்தாக நிறுத்தினால் தண்டவாளம் ஆகும். நிறுத்துவதற்கு, தேக்குக் கழிவில் அறுத்த ஸ்லீப்பர் கட்டை ஒவ்வொன்றிலும் இரண்டு வெட்டுகள் வேண்டும். அவற்றின் இடைவெளி எல்லாக் கட்டையிலும் ஒன்றாக இருத்தல் வேண்டும். எங்கள் பாதை பதின்மூன்றரை மீட்டர் சுற்று. நான்கு சென்டிமீட்டருக்கு ஒரு கட்டை என்று கணக்கிட்டால், ஏறத்தாழ முந்நூற்று நாற்பது கட்டைகள், அறுநூற்று எண்பது வெட்டுகள்.

அப்பா முதலில் ஒரு ஜிக் செய்யச் சொன்னார். கட்டையை உள்ளே வைத்தால் அசையாமல் பிடித்துக்கொள்ளும் மரச்சட்டம் அது. மூன்று ஹாக்ஸா பிளேடுகளை ஒன்றாகக் கோத்து அறுத்தால் பட்டைக்கு ஏற்ற அகலத்தில் வெட்டு விழும் என்பதும் அவர் சொன்ன உபாயமே. அறுப்பது இடக்கை. கட்டையை ஜிக்கில் அழுத்திப் பிடிப்பது வலக்கை. அந்த வலக்கைக்கு முதல் வாரத்தில் அழுத்தத் தெரியவில்லை, கட்டை நழுவியது. ஒரு நாளைக்கு மூன்று கட்டைகள். கோணலானவற்றை அவரே ஒதுக்கினார். எங்களுக்கோ கை துடித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தால் முழுவதையும் அறுத்து முடித்துவிடலாம். ஒருநாள் அவர் உறங்கும்போது நாங்கள் நாற்பது கட்டைகளை அறுத்தும் வைத்தோம். மறுநாள் காலை அவர் அவற்றை ஒவ்வொன்றாக வெர்னியரால் அளந்து, ஏதும் சொல்லாமல் அடுப்புக்கு என்று ஒருபுறம் தள்ளினார். அளவு தவறியிருந்ததா, வேறு காரணமா என்பதை நாங்கள் கேட்கவில்லை.

மருத்துவமனையில் இயன்முறை மருத்துவர் அவருக்குத் தந்த பயிற்சி, துளைப்பலகையில் குச்சிகளைச் செருகி எடுப்பது. அங்கே செய்தார், வீட்டில் செய்ய மறுத்தார். அப்பயிற்சியைக் குறைத்துக் கூறுவது எங்கள் நோக்கமன்று. பாதிக்கப்பட்ட கையைக் கொண்டு ஒரே செயலை மீண்டும் மீண்டும் செய்வதாலேயே மூளை புதிய வழிகளைப் பழகுகிறது என்பது இன்றைய பக்கவாத மறுவாழ்வின் அடிப்படை. ஆனால் எண்ணற்ற முறை செய்ய வேண்டிய ஒன்றை மனிதர் எதற்காகச் செய்வார்? குச்சியைச் செருகினால் மீண்டும் பிடுங்க வேண்டும். கட்டையை அறுத்தாலோ, பாதை நான்கு சென்டிமீட்டர் நீளும். கட்டைகளைக் கொண்டுபோய்க் காட்டியபோது அந்த மருத்துவரே மகிழ்ந்து, வலக்கை எந்த நிலையில் அழுத்த வேண்டும், எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை ஓய்வு தேவை என்று எழுதித் தந்தார். லேத்தின் அருகே போகக் கூடாது என்றும் கண்டிப்பாகக் கூறினார். ஆகவே சக்கரங்களைக் கடைந்தவர் சீடர். அவற்றின் ஓரங்களை அரத்தால் தேய்த்து, உட்புற இடைவெளி 40 மில்லிமீட்டர் உள்ளதா என்று சரிபார்த்தவர் அப்பா. ஆபத்தானது எங்கள் பங்கு. மெதுவானது அவர் பங்கு.

இவ்வெண்ணம் நாங்கள் கண்டுபிடித்த புதுமையன்று. நம் மாநிலத்திலேயே இதற்கு ஒரு பெரிய முன்னோடி உண்டு. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் மருத்துவர் பால் பிராண்டு தொழுநோயால் மடங்கிய கைகளை அறுவை சிகிச்சையால் நிமிர்த்தினார். நிமிர்ந்த கையோடு ஊர் திரும்பியவர்கள் வேறொரு துன்பத்தைச் சந்தித்தனர்: அவர்களுக்கு வேலை தருவார் இல்லை, கை பார்வைக்குச் சரியாகிவிட்டதால் முன்போல் பிச்சையும் விழவில்லை. கையைத் திருத்தினால் போதாது, அக்கைக்கு வேலையும் வேண்டும் என்று உணர்ந்த பிராண்டு, 1950களின் தொடக்கத்தில் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் ஒரு மறுவாழ்வு இல்லத்தை அமைத்தார். அங்கே இளைஞர்கள் தச்சு வேலை கற்று மரப் பொம்மைகள் செய்தனர். அந்தப் பட்டறையில்தான் அவர் மற்றொன்றையும் கண்டார். உணர்ச்சியற்ற கைகளில் தோன்றிய புண்களில் பல, நோய் நேரே உண்டாக்கியவை அல்ல. சுத்தியலின் பிடியாலும், அளவுக்கு மீறிய அழுத்தத்தாலும், வலி தெரியாததாலும் உண்டானவை. உடனே பட்டறையை அவர் மூடிவிடவில்லை. கருவிகளின் பிடியை மாற்றினார். வேலை முடிந்ததும் கைகளை உற்றுப் பார்க்கும் வழக்கத்தைக் கற்பித்தார். அங்கே கற்ற பாடம் இன்று நீரிழிவு நோயாளிகளின் பாதப் பராமரிப்புக்கும் அடிப்படையாக உள்ளது.

அதே மருத்துவமனையில் 1954இல் விபத்தில் இடுப்புக்குக் கீழே செயலிழந்த மருத்துவர் மேரி வர்கீஸ், சக்கர நாற்காலியில் அமர்ந்தபடியே அக்கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார் என்பதை இவ்விடத்தில் நினைக்காமல் இருக்க முடியவில்லை. அவரிடமிருந்து கத்தியை யாரேனும் அன்போடு வாங்கி வைத்திருந்தால் என்னவாகியிருக்கும்?

கொல்லைக்குத் திரும்புவோம். வெளியில் போடும் பாதைக்கு வெயிலும் மழையும்தான் பொறியாளர்கள். சனவரி மாதத்துக் காலைக் குளிரில் பட்டைகளை இடைவெளியின்றி முட்டவைத்துப் பதித்தோம். மே மாதத்தில் பாதை பாம்புபோல் நெளிந்தது. அலுமினியம் 30 டிகிரி வெப்பம் கூடினால் மீட்டருக்கு ஏறத்தாழ 0.7 மில்லிமீட்டர் நீளும், 3.6 மீட்டர் பட்டை இரண்டரை மில்லிமீட்டர் நீளும். இதை அறிந்திருந்தும் எப்படி மறந்தேன் என்று அப்பா தம்மையே நொந்துகொண்டார். உண்மையில் அவர் சொல்லியிருந்தார். குழறிய சொல்லை முழுதும் கேட்க எங்களுக்குப் பொறுமை இருக்கவில்லை. அன்று முதல் அவர் பேசி முடிக்கும்வரை காத்திருப்பது என்று வீட்டில் ஒரு விதி ஏற்பட்டது. அதை இன்றும் மீறுகிறோம், முன்னிலும் குறைவாக.

வண்டிக்கு மின்சாரத்தைத் தண்டவாளத்தின் வழியே செலுத்தும் முறையை விட்டுவிட்டோம். தூசியும் துருவும் படிந்தால் அது நின்று நின்று ஓடும். பெட்டிக்குள்ளேயே மின்கலமும் சிறு மோட்டாரும் வைத்தோம். உடல் முழுவதும் துத்தநாகம் பூசிய தகடு. மின்சார இரயில் பெட்டி நேரான பக்கங்களை உடையது என்பதால் மடிப்பதும் எளிது. ஆனால் அளவுப்படி முழு நீளத்துக்குச் செய்தால் எங்கள் வளைவில் திரும்பாது என்று சற்றுக் குறுக்கினோம். பழைய பயணி ஒருவர் பார்த்தால் சிரிப்பார். ஏற்றம் மீட்டருக்கு இரண்டரை சென்டிமீட்டரைத் தாண்டக் கூடாது என்றார் அப்பா. நீலகிரியில் பன்னிரண்டடிக்கு ஓரடி ஏறுகிறதே என்று பேரன் கேட்டான். அதற்கு நடுவில் பல்தண்டவாளம் இருக்கிறது என்று விளக்க அவருக்கு அன்று மாலை முழுவதும் ஆயிற்று. நோய்க்குப் பின் அவர் அத்தனை நேரம் பேசியது அன்றுதான்.

அம்மாவைப் பற்றிக் கூறாமல் இருந்தால் இக்கட்டுரை நேர்மையற்றதாகிவிடும். இரயில் பாதை எங்களைவிட அவருக்கே அதிகம் உதவிற்று. காலையில் ஒரு மணி நேரம் அப்பா கொல்லையில் கட்டை அறுக்கும்போது, அம்மா தனியே அமர்ந்து காபி குடித்தார். பிறகு பாதையோரம் பத்துமணிப் பூவையும் துளசியையும் நட்டார். அந்த அளவுக்குத் துளசிச்செடி ஆலமரம் போல் நின்றது. நோயாளியைப் பார்த்துக்கொள்பவருக்கும் ஓய்வு வேண்டும் என்று இம்மடலில் பலமுறை எழுதப்பட்டிருக்கிறது. அந்த ஓய்வு, நோயாளிக்குத் தமக்கென ஒரு வேலை இருக்கும்போதுதான் உறுத்தலின்றிக் கிடைக்கிறது.

இதனால் கை குணமாயிற்றா என்று கேட்பவர்களுக்கு: முழுமையாக இல்லை. அப்பாவால் இன்றும் மேல் பொத்தானைப் போட இயலாது. பேனா பிடிக்கிறார், கையெழுத்து பழைய வடிவில் இல்லை. பக்கவாதம் கண்டவர்களில் ஏறத்தாழ மூவரில் ஒருவரை மனச்சோர்வு பற்றுகிறது என்று மருத்துவர்கள் கூறுவர். அப்பாவும் அதற்குத் தப்பவில்லை. அதற்கு மருத்துவர் மாத்திரை தந்தார். அவர் அதை உட்கொண்டார். மாத்திரைக்கு மாற்றாக இரயிலை நாங்கள் ஒருபோதும் கருதவில்லை. அவ்வாறு கருதுவோர் இருந்தால் தயவுசெய்து வேண்டாம்.

எல்லா நோயாளிக்கும் எல்லா வேலையும் பொருந்தாது என்பதும் உண்மை. புற்றுநோய் மருந்தால் வெள்ளணுக்கள் குறைந்திருப்போர் மண்ணைத் தொடலாகாது. நுரையீரல் நோய் உள்ளோர் பற்றவைக்கும் புகைக்கும் தெளிக்கும் சாயத்துக்கும் அருகில் இருக்கலாகாது. நீரிழிவால் காலில் உணர்ச்சி குன்றியோர் வெறுங்காலோடு நண்பகல் சிமெண்டுத் தரையில் நின்றால், கொப்புளம் கண்ட பிறகே சூடு தெரியும். எங்கள் வீட்டில் வேலை காலை ஒன்பதுக்கு முன், காலணியோடு, அருகில் தண்ணீர்ச் செம்பு. கருவியை வைத்ததும் வேலூரில் கற்பித்தது போலவே இரு கைகளையும் திருப்பிப் பார்க்கிறோம். எதைச் செய்யலாம் என்று உங்கள் மருத்துவரிடம் கேளுங்கள். ஆனால் "எதைச் செய்யக் கூடாது" என்று மட்டும் கேட்டுவிட்டு எழுந்து வந்துவிடாதீர்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது கொல்லையில் முழங்கால் அளவு நீர் நின்றது. வடிந்தபோது பாதையின் அடியிலிருந்த மணல் முழுவதும் போயிருந்தது. பட்டைகள் முறுக்கிக் கிடந்தன. கட்டைகளில் பாதி பக்கத்து மனையில் ஒதுங்கியிருந்தன. இதோடு போதும் என்று நாங்கள் முடிவு செய்தோம். அப்பாவுக்கு ஆறுதலாக இருக்குமென்று, மூணாற்றில் தேயிலை ஏற்ற 1908இல் போட்ட இரண்டடி அகலக் குண்டளைப் பள்ளத்தாக்கு இரயிலும் 1924 வெள்ளத்தில் அழிந்துபோனதையும், பிறகு யாரும் அதை மீண்டும் போடாததையும் மகன் எடுத்துச் சொன்னான். அப்பா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, "அது கம்பெனிக்காரன் போட்டது. இது நான் போட்டது" என்றார். மறுநாள் பேரனை அழைத்துக்கொண்டு பக்கத்து மனையில் கட்டைகளைப் பொறுக்கத் தொடங்கினார். இருநூற்று ஏழு கிடைத்தன.

இரண்டாம் முறை பாதை தரையில் இல்லை. ஹாலோ பிளாக் கற்களை அடுக்கி, இடுப்பளவுக்குச் சற்றுக் கீழே திட்டு எழுப்பினோம். நீர் வடியத் துளைகள் விட்டோம். வெள்ளத்துக்காகச் செய்த இந்த ஏற்பாடு எதிர்பாராத ஒரு நன்மையைத் தந்தது. அப்பா குனிய வேண்டியிருக்கவில்லை. நாற்காலியில் அமர்ந்தே கையை நீட்டிப் பாதை போட்டார். முதல் முறையே இப்படிச் செய்திருக்க வேண்டும். தரையில் குனிந்து அவர் தடுமாறிய காலைகளை இப்போது நினைத்தால் எங்களுக்கு அச்சமே மிஞ்சுகிறது.

இதை எழுதுவதன் நோக்கம் இம்மருத்துவமனைக்கு ஒரு வேண்டுகோள் வைப்பதே. மறுவாழ்வுப் பிரிவின் பின்னால் உள்ள திறந்தவெளியில், சக்கர நாற்காலி உள்ளே நுழையும்படி அடியில் வெற்றிடம் விட்டு, மேசை உயரத்தில் ஒரு நீண்ட திட்டு அமைத்துத் தாருங்கள். அதன்மேல் ஆயத்தமான பொம்மை இரயிலை வாங்கி ஓட்ட வேண்டாம். சிகிச்சைக்கு வருவோர் ஆளுக்கு ஒரு கட்டையாகத் தாமே அறுத்துப் பதிக்கட்டும். ஒருவருக்கு ஒரு கட்டைக்கு ஒரு வாரம் ஆனாலும் ஆகட்டும். இடத்தைத் தூய்மையாக வைப்பது யார், கருவிகளுக்குப் பொறுப்பு யார், தொற்றுக்கு என்ன ஏற்பாடு என்ற கேள்விகள் எழும்; அவை நியாயமானவை. உடன் வந்து வராந்தாவில் மணிக்கணக்கில் காத்திருக்கும் எங்களைப் போன்றோர் அப்பொறுப்பில் ஒரு பங்கை ஏற்கலாம். எங்களுக்கும் அங்கே தொலைக்காட்சியைத் தவிரப் பார்க்க ஒன்றுமில்லை.

ஜிக்கைப் பார்த்து அதேபோல் இன்னொன்று செய்து தர அப்பாவின் சீடர் இசைந்துள்ளார். 45 மில்லிமீட்டர் அளவில் அறுத்த அறுபது கட்டைகள் எங்கள் வீட்டில் ஆயத்தமாக உள்ளன. ஒவ்வொன்றையும் அப்பா அளந்துவிட்டார்.